அரம் போடுகிறோம்

விடிவதற்கு முன்பே மங்களத்தின் விரல்கள் கறுத்துவிடும். எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்த கறுப்பு அது, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோருக்கு அப்பால் பழைய ரப்பர் தோட்டத்தின் நடுவில் நாலு கம்பை நட்டு மேலே தகரம் போட்ட கொட்டகை ஒன்று. ஒரு மேசை, மேசையோரத்தில் முறுக்கி வைத்த, வாளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், குறுக்குக் கட்டையில் அடித்த ஏழு ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக, மரம் அறுக்கும் செயின்சோ வாளுக்கான ஏழு சங்கிலிகள். கைப்பேசி வெளிச்சத்தை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் அரத்தை எடுப்பாள். வெட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதற்குள் ஏழும் தயாராக வேண்டும்.

சங்கிலிக்கு அரம் போடுவதைச் சும்மா தேய்ப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு காலை அவளோடு நின்று பார்க்கலாம். அரத்தைத் தள்ளத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், மூன்றே தள்ளு. ஒரு பல் உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் வாள் நேராக இறங்காது, ஒரு பக்கமாக வளைந்து ஓடும். ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் மேசையைச் சுற்றிப் போய் மறுபக்கம் நிற்க வேண்டும். ஏழாவது சங்கிலி முடியும்போது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். அதற்குள் கிழக்கே வெளுத்திருக்கும்.

இந்தக் கித்தா மரங்களை அவள் இருபது வருஷம் பாலுக்காகச் சீவியவள். மரங்கள் கிழடாகி, தோட்டம் கைமாறி, இப்போது நிரை நிரையாக வெட்டிச் சாய்க்கிறார்கள். பால் கோப்பையைத் தாங்க அந்தக் காலத்தில் கட்டிய கம்பி பல மரங்களில் பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. வாள் அதில் பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பல்லும் மழுங்கிவிடும். பல் கூராக இருந்தால் மரத்தூள் அவல் அவலாக விழும். மழுங்கிவிட்டால் மாவாகக் கொட்டும், வாள் புகையும், வெட்டுகிறவன் தன் உடம்பையே அதன்மேல் சாய்த்து அழுத்த வேண்டியிருக்கும். யார் சங்கிலி எந்த மாதிரிக் கம்பியைக் கடித்தது என்று பல்லைப் பார்த்தே மங்களம் சொல்லிவிடுவாள்.

"நின்ன எடத்துல ஒரசுற ஒரு வேல. பொம்பள வேலன்னா இதான்லா" என்று வெட்டுக்காரன் பத்துமலை தினமும் வம்பிழுப்பான். முப்பது வயது, வாய் நீளம், கை அதைவிட வேகம். மங்களமும் விடமாட்டாள். "வா, வந்து ஒரு பல்லு ஒரசிக் காட்டு" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, மரம் வெட்டும் குத்தகைக்காரர் யுகேந்திரன் தன் ஹைலக்ஸ் வண்டியை விட்டு இறங்கி நேராகக் கொட்டகைக்கு வந்தார். அவருடைய அப்பாவும் இதே தோட்டத்தில் பால் வெட்டினவர்தான். அதை அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார், முக்கியமாக எதையாவது குறைக்கப் போகிற நாளில்.

"அக்கா, மரம் பத்தல. மில்லுக்காரன் திட்டுறான். நம்ம ஆளுங்க வேல மெதுவா இருக்குதாம்."

"புதுச் சங்கிலி வாங்கிக் குடுங்க பாஸ். இதெல்லாம் எத்தன மாசத்துச் சங்கிலி."

"சங்கிலி வாங்கியே நான் கோயில் வாசல்ல ஒக்கார வேண்டியதுதான்." தட்டை அரத்தை எடுத்து அவரே ஒரு பல்லருகே வைத்துக் காட்டினார். "இந்த மேட்டக் கொஞ்சம் எறக்குங்க. நல்லாக் கடிக்கும்."

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. பல் மரத்தை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுத்து வைப்பது அந்த மேடுதான். கொட்டகையில் அதற்குக் கடிவாளம் என்று பெயர். அதை எந்த அளவுக்கு இறக்கலாம் என்று காட்ட ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. அந்த அளவுக்குக் கீழே போனால் வாள் வெறி பிடித்த மாதிரி கடிக்கும். நுனி எதிலாவது பட்டுவிட்டால் அப்படியே மேலே எகிறி, பிடித்திருப்பவன்மீதே பாயும்.

"தகடு அளவுக்குத்தான் போட்டிருக்கேன் பாஸ். அதுக்குக் கீழ போனா ஆபத்து."

யுகேந்திரன் மேசைமேல் கிடந்த அளவுத் தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத எவன் செஞ்சான்? சுவீடன்காரன். அவன் கித்தா மரத்தப் பாத்திருக்கானா?" என்று சொல்லித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கி எல்லாச் சங்கிலியும் எறங்கியிருக்கணும்க்கா. அந்தப் பக்கத்து பங்களாதேஷ்காரங்க சங்கிலியும் சேத்து. முடியலன்னா சொல்லுங்க, ஆளு இருக்கு."

ஆளு இருக்கு. அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே இந்தத் தோட்டத்தில் நாலு தலைமுறை வாயை மூடியது. மங்களமும் மூடினாள். அன்றைக்குப் பகல் முழுக்கத் தட்டை அரத்தால் ஒவ்வொரு மேட்டையும் சீவினாள். தன் கும்பலின் ஏழு சங்கிலி, தோட்டத்தின் மறுகோடியில் வெட்டும் வங்காளதேசத்து ஆட்களின் ஆறு சங்கிலி. பதின்மூன்றையும் முடித்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெட்டுக்காரர்களிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பயம் ஒரு பாதி. மறு பாதியைச் சொல்ல அவளுக்கே கூசும். மறுநாள் முதல் மரம் சாய்ந்ததும் பத்துமலை அங்கிருந்தே கத்தினான், "மங்களக்கா, கத்தரிக்கா வெட்டுற மாரி போவுதுக்கா" என்று. கும்பலில் இன்னொருவனான கோகிலன் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது, அதிகம் பேசாத அந்த மனுஷன், "ஒங்க கை கைதாங்க்கா" என்றான். இருபது வருஷம் பால் வெட்டி, பத்து வருஷம் அரம் போட்டு, ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத காது அது. கேட்டுக்கொண்டு சும்மா நின்றாள். உள்ளுக்குள் குளிர்ந்தது. 

மரம் அதிகமாக விழுந்தது. வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்லி யுகேந்திரன் டன்னுக்குக் கொடுக்கும் கூலியைக் குறைத்தார். குறைந்த கூலியைப் பிடிக்க ஆட்கள் இன்னும் வேகமாக வெட்டினார்கள். இப்படித்தான் நடக்கும். தொழிலாளி கையில் கூர் ஏறினால் லாபம் எந்தப் பையில் ஏறும் என்று சொல்லத் தெரியாதவர் யாரும் அந்தத் தோட்டத்தில் இல்லை.

பத்தாவது நாள் கோகிலன் சாய்ந்த மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் இருந்த மங்களத்துக்கு அந்த வாளின் சத்தம் திடீரென்று உயர்ந்து அறுபட்டது கேட்டது. ஓடினாள். வாளின் நுனி அடியில் கிடந்த இன்னொரு கிளையில் பட்டிருக்கிறது. எகிறிய வாள் அவன் இடது தோளையும் கழுத்தோரத்தையும் கிழித்துப் போட்டிருந்தது. மரத்தூள் அவன் ரத்தத்தைக் குடித்துச் சிவப்புச் சேறாகியிருந்தது. கூட வெட்டிக்கொண்டிருந்த ராமையா தன் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்திருந்தார். ஓடிவந்த மங்களம் முதலில் பார்த்தது கோகிலனின் முகத்தை இல்லை. சங்கிலியைத்தான் பார்த்தாள்.

உயிர் பிழைத்தது. இடது கை மட்டும் தூக்க வரவில்லை, விரல் நுனியில் உணர்ச்சியும் இல்லை.

ஒரு வாரம் கழித்து யுகேந்திரன் மறுபடி கொட்டகைக்கு வந்தார். கையில் மலாயில் தட்டச்சு செய்த ஒரு கடிதம்.

"ஒண்ணுமில்லக்கா. கோகிலன் அவன் சங்கிலிய வீட்டுக்குக் கொண்டுபோயி அவனே அரம் போட்டான்னு எழுதியிருக்கு. நீங்கதான் இங்க அரம் போடுறவங்க, ஒங்க சைன் இருந்தா நல்லது."

"அவன் கையால அரம் தொட்டதே இல்லையே பாஸ்."

"எனக்குத் தெரியாதா? அவனுக்கு நான் கைக்காசு குடுக்கத்தான் போறேன்லா. நம்ம பையன் அவன். ஆனா சொக்சோ இன்சூரன்ஸ் அது இதுன்னு போனா, ஏன் ஒருத்தனையும் பதியலன்னு என்னையப் புடிப்பான். குத்தக போயிடும். அப்புறம் யாருக்கு வேல?" குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்னும் யோசிச்சுக்குங்க. யாரு அரம் போட்டதுன்னு கேட்டா, நான் என்னா சொல்றது? ஒங்க பேரத்தான சொல்லணும். நான் என்னிக்கி அரத்தத் தொட்டேன்?"

மங்களம் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். தகட்டை அந்தப் பையில் போட்ட கை இதுதான். இப்போது அதே கை அரத்தைத் தொட்டதே இல்லையாம்.

"வெள்ளிக்கெழம காலையில வாங்கிக்கிறேன்" என்று கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மங்களம் வேலைக்குப் போகவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்கு வெளியே கோகிலனின் மனைவி விமலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் புட்டி. மங்களம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தகடு, மேடு, பதின்மூன்று சங்கிலி, கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை.

விமலா வெந்நீர்ப் புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினாள். பிறகு, "அடிபடுற நாள் வரைக்கும் ஒங்களப் பத்திதான்க்கா வீட்டுல பேச்சு" என்றாள். "மங்களக்கா இருக்கறதாலதான் கூலி கொறஞ்சும் சமாளிக்கிறோம்னாரு."

மங்களம் தன் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"முதலாளி சொன்னான், நீங்க செஞ்சீங்க. வேலைக்காரங்க நாம, வேற என்ன செய்ய முடியும்? அது எனக்குப் புரியுது." விமலா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கண்ணீர் இல்லை. "ஆனா இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? சாக்கிரதையா புடி தம்பின்னு ஒரு வார்த்த. அதுக்கு எந்த முதலாளி கையப் புடிச்சான்?"

மங்களம் திரும்பி நடக்கத் தொடங்கியபோது விமலா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா. அந்தக் கடுதாசில மட்டும் சைன் போட்டுட்டு எம் மூஞ்சில முழிக்காதீங்க."

பஸ்ஸில் செமோர் வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் மங்களத்தைக் குத்திக்கொண்டே வந்தது. கோகிலனுக்குச் சொல்லாமல் போனதை இனி மாற்ற முடியாது. ஆனால் மிச்சம் பன்னிரண்டு சங்கிலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு தோள், பன்னிரண்டு கழுத்து. அவள் வீட்டுக்குப் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் தோட்டத்தின் மறுகோடியில் இருந்த வங்காளதேசத்து ஆட்கள் தங்கும் கொங்சிக் குடிசைக்கு நடந்தாள். சமையல் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கங்காணி மாதிரி அவர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவன் ஜமால். அவனிடம் தன் உடைந்த மலாயில் சொன்னாள். வார்த்தை போதாத இடத்தில் கையைக் காட்டினாள். வாள் எப்படி எகிறும் என்று தன் கழுத்தையே வெட்டிக் காட்டினாள்.

ஜமால் கேட்டுக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் சட்டி பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "வேல பெர்மிட் பாஸ்கிட்ட இருக்கு, காக்" என்று மட்டும் மலாயில் சொன்னான், அக்கா என்று கூப்பிட்டு. அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மங்களத்துக்கு என்ன யோக்கியதை? வேலை போய்விடும் என்று பயந்து அவளும்தான் மூன்று வாரம் கதவைச் சாத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வெட்டுக்காரர்கள் வந்தபோது கொட்டகையில் அரம் போடும் சத்தம் இல்லை. ஆறு சங்கிலியும் மேசைமேல் வரிசையாக இருந்தன. கோகிலனுடையது மட்டும் ஆணியில்.

"என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் ராமையா. கும்பலில் மூத்தவர், எப்போதும் கொஞ்சம் நிதானம்.

மங்களம் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு பல்லின்மேல் பாலம் மாதிரி வைத்தாள். இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடின் உடைந்த துண்டுகள் இரண்டு அவள் கையில் இருந்தன. "ஸ்கேலுக்கும் இந்த மேட்டுக்கும் நடுவுல ஒரு பிளேடுதான் போகணும். பாருங்க." ஒன்றை நுழைத்தாள். அதன்மேல் இரண்டாவதையும் நுழைத்தாள். இரண்டும் தடையில்லாமல் போய்வந்தன. "நான்தான் எறக்குனேன். எல்லாருதையும். பாஸ் எறக்கச் சொன்னாரு, தகடையும் எடுத்துக்கிட்டாரு. ஆபத்துன்னு எனக்குத் தெரியும். ஒங்க யாருகிட்டயும் சொல்லல."

பத்துமலையின் முகம் முதலில் ஒன்றும் புரியாத மாதிரி இருந்தது, பிறகு கறுத்தது.

"தெரிஞ்சே செஞ்சியா?" அக்கா என்கிற வார்த்தை எங்கேயோ போய்விட்டது. "நான் அதுல நின்னு ஒரு நாளைக்கி நாப்பது மரம் அறுத்தேன். எனக்கு ரெண்டு புள்ள இருக்கு, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும்…"

"தெரிஞ்சும்தான். திட்டு. அடிக்கணும்னா அடி. ஆனா இந்தச் சங்கிலிய மட்டும் வாள்ல மாட்டாத."

பத்துமலை மேசைக்காலை எட்டி உதைத்தான். சங்கிலிகள் கலகலத்தன. ராமையா மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி மலாயை வாசித்தார். கோகிலன் தானே அரம் போட்டான் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார். "கோகிலனா? அவனுக்கு அரத்த எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது" என்றார். பிறகு பத்துமலையைப் பார்த்து, "இன்னைக்கி அவன் பேரு. நாளைக்கி ஒனக்கு அடிபட்டா ஒன் பேரப் போட்டு இதே கடுதாசியத்தான் நீட்டுவான். அக்காவத் திட்டறது அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார்.

பத்துமலை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "சீவுன மேட்ட மறுபடி ஒசத்த முடியுமா?" என்று மங்களத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"முடியாது. பல்லத்தான் எறக்கணும். பல்லு பின்பக்கமா சரிவு. அரம் போட்டுப் போட்டுப் பின்னால கொண்டுபோனா அதுவும் எறங்கும். மேட்டுக்குச் சரியா வரும்."

"எவ்வளவு நேரம் புடிக்கும்?"

"ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம். சங்கிலி ஆயுசுல பாதி போயிடும்."

"பாஸோட சங்கிலிதான?"

"பாஸோட சங்கிலிதான்."

பத்துமலை கையை நீட்டினான். "அரத்தக் குடு."

அன்றைக்கு ஏழரை மணிக்கு ஹைலக்ஸ் வந்து நின்றபோது காட்டில் ஒரு வாளின் சத்தமும் இல்லை. கொட்டகையில் ஆறு வெட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருந்த அரங்கள் ஐந்து, மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். வைஸ் ஒன்றுதான் என்பதால் ஆளுக்கொரு கட்டையில் வாளை முட்டுக் கொடுத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அரம் போட்டார்கள். அந்தக் கைகள் அதற்குப் பழகாதவை. அரம் வழுக்கியது, விரலைக் கீறியது. மங்களம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். "இழுக்காத, தள்ளு. மூணு தள்ளு. அடுத்த பல்லு." பத்துமலையின் பெருவிரலில் ரத்தம் வந்திருந்தது. அவன் துடைக்கவில்லை.

"என்ன நடக்குது இங்க?" யுகேந்திரன் கேட்டார்.

"அரம் போடுறோம் பாஸ்" என்றார் ராமையா.

"எல்லாருமா? வேலைய நிறுத்திட்டீங்களா?"

"எங்க நிறுத்துனோம்? இதுவும் வேலதான. கூராக்குங்கன்னு சொன்னது நீங்கதான்."

"லாரி நிக்கிதுலா அங்க. எப்ப முடியும்?"

"பல்லு சரியாவுற வரைக்கும்" என்றான் பத்துமலை, தலையைத் தூக்காமல்.

யுகேந்திரன் மங்களத்திடம் வந்தார். குரலில் தேன் இல்லை இப்போது. "கடுதாசி எங்க?"

மங்களம் அதை நீட்டினாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

"வேற எழுதிட்டு வாங்க பாஸ். அரம் போட்டது மங்களம், போடச் சொன்னது யுகேந்திரன். அப்படி எழுதுங்க. ரெண்டு பேருமே சைன் போடுவோம். லேபர் ஆபீசுல என்னையக் கேட்டா நான் இதத்தான் சொல்லப் போறேன். எனக்கு என்ன தண்டன குடுத்தாலும் குடுக்கட்டும்."

"ஒங்க மேலதான் மொதல்ல கேஸு வரும். தெரியும்ல?"

"தெரியும்."  

யுகேந்திரன் சட்டென்று திரும்பி ஆணியில் தொங்கிய சங்கிலியை நோக்கிக் கையை நீட்டினார். ஐந்து அரமும் ஒன்றாக நின்று சத்தம் அடங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. ஆணிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

"அது கோகிலனோடது" என்றார் ராமையா. "அடிபட்டதுக்கப்புறம் அதுல யாரும் அரம் போடல. போடவும் விடமாட்டோம். பாக்க வேண்டியவங்க வந்து பாக்கட்டும்."

"எங்கப்பாவும் இந்தத் தோட்டத்துல பால் வெட்டுனவருதான். எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

"அவரு இருந்திருந்தா இங்க ஒக்காந்து அரம் போட்டிருப்பாரு" என்றாள் மங்களம்.

யுகேந்திரன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். அவர் மலாயில் கத்தியது கொட்டகை வரைக்கும் கேட்டது. மறுகோடி ஆட்களை லாரியில் ஏற்றி உடனே இங்கே அனுப்பச் சொன்னார். ஆறு பேரும் அவரவர் வாளோடு. திரும்பி வந்து, "இன்னும் பத்து நிமிஷம். அவங்க வெட்டுவாங்க. நீங்க வீட்டுக்குப் போயி ஒரசிக்கிட்டே இருங்க" என்றார்.

மறுபடி அதே "ஆளு இருக்கு". ராமையா மங்களத்தைப் பார்த்தார். நேற்று மாலை சாத்திய கதவை நினைத்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வேறென்ன செய்வது? எழுந்து போனால், தடுத்துச் சொல்ல ஆளில்லாமல் அந்த ஆறு பேரும் இரண்டு பிளேடு நுழையும் சங்கிலியோடு காட்டுக்குள் போவார்கள்.

லாரி சிவப்பு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து ஆறு பேர் குதித்தார்கள். ஜமால் முன்னால் வந்தான். யுகேந்திரன் நிரையைக் காட்டிக் கையை வீசினார். ஜமால் அந்தக் கையைப் பார்த்தான், நிரையைப் பார்த்தான், பிறகு கொட்டகையைப் பார்த்து நடந்து வந்தான். மற்ற ஐந்து பேரும் அவன் பின்னால் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வாள்களில் சங்கிலி மாட்டியிருக்கவில்லை. ஆறு சங்கிலியும் கழற்றியபடி ஜமாலின் தோளில் தொங்கின.

"காக்," என்றான் மங்களத்திடம், "கிக்கிர் ஆடா லாகி?" அரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான்.

இல்லை. ஐந்து அரம்தான், ஐந்தும் கைகளில். கூலி ஏறவில்லை, கோகிலனின் கை தூக்க வரவில்லை, இந்த ஆறு பேரின் பெர்மிட் இன்னும் அந்த ஹைலக்ஸுக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது. மங்களத்தின் பெயரில் நாளைக்கே போலீசில் ஒரு புகார் விழலாம். யுகேந்திரன் வெயிலில் நின்று இன்னும் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்துமலை தன் அரத்தைக் கால்சட்டையில் துடைத்து ஜமாலிடம் நீட்டினான். கட்டையில் நகர்ந்து இடம் விட்டான்.

"டூடோக் சினி, பாங். வாண்ணே, இங்க ஒக்காரு. நான் புடிச்சுக்கிறேன், நீ தள்ளு."